பழைய பைக் டேங்க்: துரு எடுப்பது முதல் பெயின்ட் அடிப்பது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் பெயின்ட் கடைக் கவுண்டரில் நிற்பவன் நான். பழைய ஹொண்டா சி.டி. 125, எம்.டி. 90 என்று வைத்திருப்பவர்கள் "டேங்குக்கு அடிக்க ஒரு கால் லீட்டர் சிவப்பு" என்று கேட்டு வருவார்கள். பேசப் பேசத்தான் டேங்க் கீழே ஒழுகுவதும், உள்ளே துருவாக இருப்பதும் தெரியவரும். திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். நிறம் பற்றிய கேள்விகள் பாதிக்குக் கீழேதான் வரும். டேங்க் வேலையில் பெயின்ட் கடைசி வேலை.

பழைய டேங்கை மினக்கெட்டுச் செய்யணுமா? வேறொன்று வாங்கிப் போட்டா என்ன?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய பைக்குக்கும் அதன் சாமானுக்கும் ஏறிய மவுசு, 2025இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகும் பெரிதாக இறங்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பாவித்த டேங்க் கிடைக்கும். ஆனால் அதற்குள்ளும் துரு இருக்கும். புதிதாக வரும் மாற்று டேங்குகள் பலவற்றில் தகடு மெலிசு, சீட்டோடு சேரும் இடமும் சரியாகப் பொருந்தாது.

என் கணக்கு இதுதான்: டேங்கின் அடிப்பக்கம், சட்டகத்தின் மேல் உட்காரும் குழிவான பகுதி, கெட்டியாக இருந்தால் பழையதைச் செய்யலாம். அங்கே விரலால் அழுத்தும்போது தகடு உள்வாங்கினாலோ, ஸ்க்ரூட்ரைவர் முனை குத்தி இறங்கினாலோ அதில் காசைக் கொட்ட வேண்டாம்.

வெளியே பெயின்ட் நல்லாத்தான் இருக்கு. உள்ளே துரு இருக்கானு எப்படிப் பார்க்கிறது?

பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றி அதன் வலைச் சல்லடையைப் பாருங்கள். செங்கல் தூள் போலப் படிந்திருந்தால் உள்ளே துரு. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் அதே தூள் இருக்கும். ஏற்றத்தில் போகும்போது மட்டும் எஞ்சின் இழுக்காமல் நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் ஆகிறதென்றால் பலசமயம் அடைபட்ட சல்லடைதான் காரணம்.

வெளியிலும் ஓர் அடையாளம் உண்டு. டேங்கின் பின்பக்கக் கீழ் விளிம்பில், இரண்டு தகடும் சேரும் ஓரத்தில், கடுகளவு கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். நகத்தால் ஒன்றைக் கீறினால் பெயின்ட் தோலாக உரிந்து, அடியில் பழுப்பு ஈரம் தெரியும். அது வெளியிலிருந்து போன துரு இல்லை. உள்ளிருந்து தகட்டைத் தின்றுகொண்டு வந்தது.

கொழும்பில் இருக்கிற என் மச்சான் பைக்கில் துருவே இல்லை. நம்ம பக்கம் மட்டும் ஏன்?

பெட்ரோல் குறைந்த டேங்கில் மீதி இடத்தை நிரப்புவது காற்று. பகலில் வெயிலில் சூடாகி விரிந்து வெளியே போகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மூடியின் துவாரம் வழியே ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. நுவரெலியா, தலவாக்கலைப் பக்க இரவுக் குளிரில் அந்த ஈரம் தகட்டில் துளியாகிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்குகிறது, அதுவும் டேப் எட்டாத பின்மூலையில். மேலே சொன்ன கொப்புளம் அங்கே வருவது இதனால்தான்.

2022இல் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது, பங்கீட்டுக் கியூ.ஆர். அட்டைக்கு வாரம் 4 லீட்டர் கிடைத்த காலத்தில் அடிமட்டப் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த பைக்குகள் ஏராளம். அவற்றின் டேங்குகள் இன்றும் வேலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஓட்டாமல் நிறுத்துவதென்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். மஸ்கெலியா மழையில் அந்த வெடிப்பு வழியாக இறங்கும் தண்ணீருக்குக் கணக்கே இல்லை.

பெட்ரோலையெல்லாம் கொட்டிட்டேன். இனிப் பயமில்லைதானே?

இப்போதுதான் பயம். நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடமில்லை. காலி டேங்கில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து நிற்கிறது. காற்றில் ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பக்கத்து அறை அடுப்பு வரை போகும். தோட்டத்து லய வீட்டு வாசலில் வைத்து இந்த வேலையைச் செய்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு சுவருக்கு அப்பால் யாரோ விறகு வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

வெட்டவெளியில், பாத்திரம் கழுவும் திரவமும் சுடுநீரும் விட்டுப் பலமுறை குலுக்கிக் கழுவுங்கள். மணம் போகிற வரை கழுவுங்கள். அந்தத் தண்ணீரைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஊற்ற வேண்டாம், கீழே இருக்கிற லயங்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கின்றன. வடித்த பெட்ரோலை மூடியுள்ள கேனில் வைத்துக் கராஜில் கொடுத்துவிடலாம்.

துருவுக்கு வினாகிரி போதுமா? கோலா ஊத்தினாப் போகும்னு சொல்றாங்களே?

வினாகிரி போதும், பொறுமை இருந்தால். டேப் துளையை ரப்பர் அடைப்பானால் மூடி, டேங்கின் வாய் வரை நிரப்பி ஓரிரு நாள் விடுங்கள். பாதி நிரப்பினால் மேல்பகுதித் துரு அப்படியே இருக்கும். அதைவிட வேகமாக வேலை செய்வது சிட்ரிக் அமிலத் தூள். லீட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் என்று கரைத்து ஊற்றினால் ஓர் இரவில் பெரும்பகுதி விட்டுவிடும். 8 லீட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வாங்கினால் சரி. இடையிடையே டோர்ச் அடித்துப் பாருங்கள். துரு போய்ச் சாம்பல் நிறத் தகடு தெரிந்ததும் நிறுத்துங்கள்.

கோலாவிலும் பொஸ்பொரிக் அமிலம் இருக்கிறது, அதனால் கதை முழுப்பொய் இல்லை. ஆனால் மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது, சீனியோ நிறைய. துரு முழுதாகப் போகாது, டேங்க் பிசுபிசுக்கும். வாங்கிய போத்தலைக் குடித்துவிடுங்கள்.

கக்கூஸ் கழுவுற ஆசிட் அஞ்சு நிமிஷத்தில் வேலையை முடிக்குமே?

முடிக்கும், டேங்கையும் சேர்த்து. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பல டேங்குகளில் உட்பக்கம் துரு பிடிக்காதிருக்கப் பூசிய நாகப் பூச்சை முதலில் தின்னும், பிறகு தகட்டை. மடிப்பு ஓரத்தில் தங்கினால் எவ்வளவு கழுவினாலும் முழுக்க வெளியே வராது. புகையும் நெஞ்சுக்கு ஆகாது. வினாகிரியும் நாகத்தைத் தின்னும்தான், மெதுவாக. அதனால்தான் நல்ல பூச்சு மிச்சமிருக்கும் டேங்கை நாள்கணக்கில் ஊறவிடக்கூடாது என்கிறேன்.

உள்ளே நட்டு போட்டு ஆட்டலாமா?

துரு செதில் செதிலாக இருந்தால் ஆட்டத்தான் வேண்டும், ஊறவைப்பதற்கு முன்னால். நட்டைவிட மெல்லிய இரும்புச் சங்கிலி நல்லது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதாக வெளியே வரும். நட்டு போடுகிறவர்கள் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். பெட்ரோல் ஆவி போகக் கழுவிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், இரும்போடு இரும்பு உரசினால் பொறி வரும்.

பேட்டரி சார்ஜர் வச்சுத் துரு எடுக்கிறதைப் பார்த்தேன். வீட்டில் செய்யலாமா?

செய்யலாம், தகடு தேயாமல் துருவை மட்டும் எடுக்கும் நல்ல வழி அது. டேங்கில் தண்ணீர் நிரப்பி, லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரையுங்கள். சார்ஜரின் நெகட்டிவ் டேங்கின் வெற்று இரும்பில். பொசிட்டிவ் வாய் வழியே தொங்கும் இரும்புக் கம்பியில். கம்பி டேங்கைத் தொடக்கூடாது, ரப்பர் துண்டில் துளை போட்டு நடுவில் நிறுத்துங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் கம்பிக்குப் பதிலாக டேங்க் கரையும்.

துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பாவிக்கவே கூடாது. நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். குமிழியாக வருவது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும் வாயு. அதனால் இதையும் வெளியில்தான் செய்ய வேண்டும், கிளிப்பைக் கழற்றும் முன் சுவிட்சை நிறுத்த வேண்டும். பெட்ரோல் மணம் இன்னும் இருந்தால் சார்ஜரைத் தொடவே வேண்டாம்.

கழுவி வச்ச அஞ்சு நிமிஷத்தில் உள்ளே திரும்பச் செம்மஞ்சளாகுது. எங்கே பிழை?

பிழை இல்லை, வெற்று இரும்பு ஈரக் காற்றைப் பார்த்தால் அப்படித்தான். அமிலத்தைக் கொட்டியதும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசுங்கள், நுரை அடங்கும் வரை. பிறகு நல்ல தண்ணீர். உடனே மெதிலேட்டட் ஸ்பிரிட் ஒரு கப் விட்டுக் குலுக்கிக் கொட்டினால் ஒட்டியிருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். வாய், டேப் துளை இரண்டையும் திறந்து காற்றோட்டமான வெயிலில் வையுங்கள். காய்ந்ததும் டூ-ஸ்ட்ரோக் ஒயில் கொஞ்சம் விட்டு எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். ஒழுகல் வேலையோ, கசிவை அடைக்க உள்ளே ஊற்றும் சீலரோ பாக்கி இருந்தால் மட்டும் ஒயில் விடாதீர்கள், எதுவும் ஒட்டாது.

அடுப்புக்கு மேல் பரணில் காயப்போடுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

நான் தேயிலை ஃபெக்டரியில் வேலை. ட்ரையர் பக்கத்தில் வச்சுக் காயவைக்கலாமே?

தேயிலை எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோல் மணத்தோடு தேயிலைத் தூள் போனால் டீமேக்கர் உங்களையும் டேங்கையும் சேர்த்து வெளியே அனுப்புவார்.

ஊசித்துளை மாதிரி ஒழுகுது. சோப்பு தேய்ச்சா நிக்குது. அப்படியே விடலாமா?

காய்ந்த சவர்க்காரம் பெட்ரோலில் கரையாது என்பதால் நிற்கிறது. கினிகத்தேனையில் ஒழுக ஆரம்பித்தால் ஹட்டன் வந்துசேர அது உதவும், அவ்வளவுதான். மழைத் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும்.

ஒன்றிரண்டு ஊசித்துளைக்கு ஈயப்பற்று நல்லது. ரேடியேட்டர் வேலை செய்கிற பாஸ்மாருக்கு அது கைவந்த வேலை. துளையைச் சுற்றி வெற்று இரும்பு வரும் வரை தேய்த்து, ஈயம் பிடிக்க ஃப்ளக்ஸ் போட்டு, பெரிய சூடான இரும்பால் ஈயத்தை ஓடவிடுவார்கள், தீச்சுவாலை தேவையில்லை. இரண்டு பொருளைப் பிசைந்து ஒட்டும் எபொக்சிப் பசையும் வெற்று இரும்பில் நன்றாகப் பிடிக்கும். துரு மேல் அப்பினால் துருவோடு கழன்று வரும். வெல்டிங் என்றால் கழுவியதோடு விடாமல், வெல்டிங் செய்யும் இடம் மட்டும் மேலே தெரியும்படி டேங்கைச் சாய்த்துத் தண்ணீர் நிரப்பிச் செய்பவரிடமே கொடுங்கள். சைலன்சர் புகையை உள்ளே விட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆவி முழுக்க வெளியேறியதா என்று கண்ணால் பார்க்க முடியாது, அதனால் நான் அதை நம்பச் சொல்லமாட்டேன்.

உள்ளே சீலர் ஊத்திட்டா எல்லாம் சரியாகிடுமா?

துரு எடுத்த பிறகு தகடு நன்றாக இருந்தால் சீலர் வேண்டாம். பல இடத்தில் வியர்ப்பது போல் கசிகிற டேங்குக்கு மட்டும் கடைசி வழியாக ஊற்றலாம். ஈரமோ ஒயிலோ துளி இருந்தால் சில மாதத்தில் பிளாஸ்டிக் பை போல உரிந்து, டேப் துளையில் போய் உட்காரும். அதைச் சுரண்டி எடுப்பது துரு எடுப்பதைவிடக் கொடுமை. ஊற்றுவதென்றால் டேப் துளையின் மரையில் கிரீஸ் தடவிய பழைய போல்ட்டைப் போட்டுவிட்டு ஊற்றுங்கள்.

பக்கத்தில் நசுங்கியிருக்கு. கம்ப்ரஸர் காத்து விட்டா வெளியே தள்ளுமா?

தள்ளாது, வெடிக்கலாம். வாகன டயரில் இருப்பதில் பாதி கூட இல்லாத ஒரு பார் அழுத்தமே, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தகட்டில் நூறு கிலோ எடையாக அழுத்துகிறது. நசுங்கல் வெளியே வருவதற்கு முன் டேங்கின் முழு உருவமும் உப்பி, மடிப்பு விடும். டிங்கர் பாஸிடம் கொடுத்தால் நசுங்கலில் சிறு ஊசிகளைப் பற்றவைத்து வெளியே இழுப்பார். இதிலும் பொறி உண்டு, கழுவிய டேங்காக இருக்க வேண்டும். மிச்சப் பள்ளத்தை ஃபில்லர் பேஸ்ட் நிரப்பும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அப்பினால் அதிர்விலும் வெயிலிலும் வெடிக்கும்.

பழைய பெயின்டை முழுசா உரிக்கணுமா?

கெட்டியாக ஒட்டியிருந்தால் தேவையில்லை. 320 சேண்ட் பேப்பரால் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம். கொப்புளமோ வெடிப்போ இருந்தால், அல்லது முன்பு யாரோ என்ன பெயின்ட் அடித்தார் என்றே தெரியாவிட்டால், உரித்துவிடுங்கள். தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள்: பெயின்ட் கரைந்து துணியில் வந்தால் அதன் மேல் புதுப் பெயின்ட் சுருங்கும். மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி பறக்காது.

ஸ்ப்ரே டின் போதுமா, கன் வச்சுத்தான் அடிக்கணுமா?

கவுண்டரில் நிற்கிற எனக்கு டின் விற்றால்தான் சுலபம், ஆனாலும் சொல்கிறேன். சாதாரண டின்னில் வரும் பெயின்டும், நிறமில்லாத மேல்பூச்சான க்ளியரும் பெட்ரோல் பட்டால் இளகும். பங்கில் பெட்ரோல் ஊற்றும்போது வாயோரம் வழிகிற நாலு துளி போதும், பெயின்ட் சுருக்கம் விழுந்து ஒட்டும். என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்டும் அப்படித்தான், எத்தனை வருஷம் காய்ந்தாலும் அதன் தின்னரிலேயே திரும்பக் கரையும். பெட்ரோலைத் தாங்குவது, இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த டூ-கே க்ளியர். நிறத்தை எதில் அடித்தாலும் மேல்பூச்சு அதுவாக இருக்க வேண்டும்.

வரிசை இப்படி: வெற்று இரும்பில் எபொக்சி ப்ரைமர், தேவையான இடத்தில் ஃபில்லர், அதன் மேல் நிரப்பும் ப்ரைமர். அதை 400, 600 பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நிறம் மெல்லிசாக மூன்று முறை, க்ளியர் இரண்டு அல்லது மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடமாவது விடுங்கள். விரலால் மறைவான ஓரத்தைத் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் நூல் இழுக்கக்கூடாது. அந்தப் பதத்தில் அடுத்த கோட். அமிலம் கலந்த எட்ச் ப்ரைமர் அடித்தவர்கள் அதன் மேல் நேரடியாக ஃபில்லர் வைக்க வேண்டாம், பிடிக்காது.

ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவே வரவழைக்கும். துணியும் சர்ஜிக்கல் மாஸ்கும் அதற்கு முன் ஒன்றுமில்லை. கரி வடிகட்டி மாஸ்க் குறைந்தபட்சத் தேவை. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடிதான் முறையானது. அது இல்லாவிட்டால் தேய்ப்பது வரை நீங்கள் செய்துவிட்டு, க்ளியரை மட்டும் கராஜில் அடித்து வாங்குங்கள். பலருக்கு நான் சொல்வது இதைத்தான்.

எந்த மாசம் அடிக்கலாம்? எப்பப் பார்த்தாலும் மழையா இருக்கே.

நீங்கள் மலையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, வட்டவளைக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, வெலிமடைக்கு அது தலைகீழ். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழை, ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரை வறண்ட காலம். அந்தக் காலத்தில் காற்றும் சேர்ந்து அடிக்கும், தூசிக்கு மறைப்பு வேண்டும். அவசரமென்றால் ஹட்டன்காரர் ஜூலையில் டேங்கை மட்டும் பஸ்ஸில் பண்டாரவளைக்கு அனுப்பலாம். செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கழுவிய டேங்காக அனுப்புங்கள், பஸ்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள்.

மாதம் சரியானாலும் நேரம் பார்க்க வேண்டும். மிஸ்ட் விலகி வெயில் ஏறிய காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் ஒரு மணி வரை அடித்தால் மாலைக் குளிருக்கு முன் மேல்தோல் காயும். டூ-கே க்ளியருக்கு 15 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பத்துக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காய்வதே இல்லை. நுவரெலியாவில் ஜனவரியில் வெயில் இருக்கும், இரவில் பனி உறையவும் செய்யும். அடித்த டேங்கை இரவில் வெளியே விடாதீர்கள்.

அடிச்சு முடிச்சதும் வெள்ளையாப் பூத்துடுச்சு. பெயின்ட் கள்ளமா?

பெயின்ட்டைத் திட்ட வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் இறங்குகிறது. என்.சி. பெயின்டில் மழைநாளில் அடித்தால் இது நிச்சயம். வெயில் நாள் வரை விட்டு, மெதுவாகக் காயும் ரிடார்டர் தின்னரை மெல்லிசாகப் புகைபோல் அடித்தால் பெரும்பாலும் தெளியும். தெளியாவிட்டால் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி நின்றால் அது ஈரமல்ல, எண்ணெய். சிலிகன் பொலிஷ், கைவிரல், கம்ப்ரஸர் குழாயில் வரும் ஒயில், இதில் ஒன்று.

ஒரு பக்கம் மட்டும் கீறல். ஒரிஜினல் கேண்டிச் சிவப்பைக் கலந்து தருவீங்களா?

கலந்து தரலாம், ஆனால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட முடியாது. கேண்டி என்பது வெள்ளி அல்லது பொன் நிற அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு. ஒவ்வொரு பூச்சுக்கும் கருத்துக்கொண்டே போகும். பக்கத்துப் பெயின்டோடு ஒத்துப்போக வைப்பது தேர்ந்த பெயின்ட் பாஸுக்கே கஷ்டம். டேங்க் முழுவதும் அடியுங்கள். சீட்டுக்குக் கீழே, வெயில் படாத பக்கத் தகட்டைக் கொண்டுவந்தால் அதைப் பார்த்துக் கலப்பேன். டேங்கின் மேல் நிறம் வெளுத்திருக்கும், அதை நம்ப முடியாது.

ஸ்டிக்கர் க்ளியருக்கு மேலேயா, கீழேயா?

கீழே. நிறம் காய்ந்த பிறகு ஒட்டி, முதல் க்ளியர் கோட்டை மிக மெல்லிசாக அடியுங்கள். கனமாக அடித்தால் ஸ்டிக்கர் ஓரம் சுருளும். குரோம் பக்கமுள்ள டேங்கில் அந்த இடத்தை மறைத்துவிட்டு அடியுங்கள். குரோம் மேல் நேரே அடித்தால் தகடு தகடாக உரியும்.

சிவப்பு பைக்கைக் கறுப்பாக்கினா பொலிஸ் பிடிக்குமா?

பதிவுப் புத்தகத்தில் நிறமும் எழுதியிருக்கிறது. முக்கிய நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் புத்தகத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். பைக்கை விற்கிற நாளிலும் இந்தச் சிக்கல் வரும். அதே நிறம், வேறு கோடு என்றால் தொல்லை இல்லை.

எல்லாம் முடிஞ்சது. எப்ப பெட்ரோல் ஊத்தலாம்?

டூ-கே க்ளியர் தொட்டால் காய்ந்தது போல் இருக்கும், உள்ளே இறுகுவதற்கு நம் ஊர்க் குளிரில் ஒரு வாரமாவது கொடுங்கள். முதலில் ஒரு லீட்டர் மட்டும் ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணி வழியே டேப்பிலிருந்து வடித்துப் பாருங்கள். துணியில் துகள் வந்தால் திரும்ப அலசுங்கள். புது ரப்பர் வாஷர் போட்டு டேப்பைப் பூட்டி, கார்புரேட்டருக்குப் போகும் குழாயில் சிறிய ஃபில்டர் ஒன்று வைத்துவிட்டு நிரப்புங்கள். முதல் மாதம் பங்குக்குப் போகும்போது வாயைச் சுற்றி ஒரு துணி வைத்துப் பிடியுங்கள். ஊற்றுகிற தம்பிக்கு உங்கள் டேங்க் புதுசு என்று தெரியாது.